காட்டில் இரவு தங்கியவர்கள்: படைவீட்டிலிருந்து படவேடு வரை

படவேடு என்பது ஒரு முகாமின் பெயர். படை தங்கிய இடம் படைவீடு. கல்வெட்டுகளில் படைவீடு என்று காணப்படும் பெயர் மக்கள் நாவில் தேய்ந்து படவேடு ஆகியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், கமண்டல நதியை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். 14ஆம் நூற்றாண்டில் இது சம்புவராயர்களின் தலைநகர். இன்று ரேணுகாம்பாள் கோயிலால் வட மாவட்டங்கள் முழுக்க அறியப்பட்ட ஊர். சுற்றிலும் வாழைத் தோப்புகள், நெல்வயல்கள். அவற்றைத் தாண்டிப் போனால் வனத்துறையின் எல்லை. அதற்கு மேல் காப்புக்காடு.

அந்த எல்லையைத் தாண்டி ஓர் இரவு தங்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மலையேற்றத்தில் ஆர்வமுள்ள இளம்பெண்கள் இன்று இதை வேறு விதமாகக் கேட்கிறார்கள். முதுகில் ஒரு கூடாரத்தைச் சுமந்துபோய், கட்டணமில்லாமல், காவலுக்கு ஆளில்லாமல், அரசுக் காட்டில் நாம் ஏன் தங்க முடியாது? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இது சாதாரணம். அங்குள்ள மாநிலக் காடுகளில் சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து 150 அடி தள்கிக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். பத்துப் பேருக்குக் குறைவான குழு, ஒரே இடத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்காதவரை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணமும் கட்ட வேண்டியதில்லை. இதைக் கேள்விப்படும் தமிழ்ப் பெண்ணுக்கு ஏக்கம் வருவது இயல்பு. தெருமுனைக் கடைக்குப் போவதற்கே விளக்கம் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

இந்த ஏக்கம் உரிமைக் கோரிக்கையாக வளர வேண்டுமானால், நம் காடுகளில் இதுவரை இரவு தங்கிய பெண்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும். தங்கியிருக்கிறார்கள். பல காலமாக, பல விதமாகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய இரவுகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

விளக்கேந்திய பெண்கள்

தமிழில் காட்டு முகாமைப் பற்றிய மிக விரிவான பழைய சித்திரம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. நப்பூதனார் பாடிய இந்த 103 அடிப் பாடல் பத்துப்பாட்டில் மிகச் சிறியது. காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி கட்டி, தழைக்கூரை வேய்ந்து, தெருக்கள் வகுத்துப் படை தங்குகிறது. அரசனுக்கு யவனர் அமைத்த உள்ளறை. அவன் உறங்காமல் மறுநாள் போரை நினைத்திருக்கிறான். தொலைவில் மாளிகையில் அவனுடைய தலைவி காத்திருக்கிறாள். முதிய பெண்கள் நற்சொல் கேட்டு வந்து அவளைத் தேற்றுகிறார்கள்.

காத்திருக்கும் அந்தத் தலைவியை இலக்கிய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். முல்லைத் திணையின் ஒழுக்கமே இருத்தல் என்று வகுப்பறையில் படிக்கிறோம். அதே பாட்டில் பாசறைக்குள் இருக்கும் வேறு பெண்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இடையில் குறுவாள் கட்டிய பெண்கள் இரவெல்லாம் விளக்குகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். எண்ணெய் ஊற்றுவதும் அணைந்த திரியைக் கொளுத்துவதும் அவர்கள் வேலை. காட்டின் நடுவே, நள்ளிரவில், ஆயுதத்தோடு நடமாடும் பெண்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அவர்களுக்காக எங்கே யார் காத்திருந்தார்கள் என்பது பாட்டுக்கு முக்கியமாகப் படவில்லை. காத்திருப்பவள் கற்பின் இலக்கணமானாள். வேலை செய்தவள் பின்னணியானாள்.

படைவீட்டின் வரலாற்றிலும் இதே அமைப்பைக் காணலாம். விசயநகர அரசர் முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணன் 14ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சம்புவராயர்களை வென்றான். அந்தப் போரைக் காவியமாக்கியவர் ஒரு பெண். கம்பணனின் தேவியரில் ஒருவரான கங்காதேவி சமஸ்கிருதத்தில் எழுதிய மதுரா விஜயம், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் படை தங்கியதையும், சம்புவராயன் இராசகம்பீர மலைக்கோட்டையில் புகுந்ததையும், அங்கே நடந்த போரையும் சொல்கிறது. இராசகம்பீர மலை படவேட்டை ஒட்டியது. இந்தக் காவியத்தின் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்படும்வரை கங்காதேவி என்ற பெயர் பொதுவில் யாருக்கும் தெரியாது. தன் காலத்துப் போரை எழுதிய ஒரு பெண்ணின் நூல் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பேச்சின்றிக் கிடந்திருக்கிறது. எழுதியவர் பெண் என்றாலும் காவியத்தின் கண் அரசனுடைய கண்தான். பாசறையில் சமைத்தவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும் அங்கேயும் இடமில்லை.

முகாம் ஊராகி, ஊர் அரசின் இருப்பிடமானதும் பெண்களின் இடம் எழுத்தில் வகுக்கப்பட்டது. விசயநகர ஆட்சியில் இந்தப் பகுதிக்குப் படைவீட்டு ராஜ்யம் என்று பெயர். அந்த ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை விரிஞ்சிபுரம் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. இரண்டாம் தேவராயர் காலத்தது. சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425. இனி எல்லோரும் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உரியவர், பிராமண சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார் என்கிறது அது. பெண்ணை விலைக்குக் கொடுக்காதே என்ற விதி இன்று கேட்க நல்லதாகத் தோன்றலாம். பெண் தானப்பொருள் என்பது அதே விதியின் மறுபக்கம். பெண் வீட்டுக்குப் பொன் வருகிற மணமுறை குற்றமானது. அந்தக் கோயிலில் இறைவனுக்குப் பெயர் மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர். வழிப்போக்கர்களுக்குத் துணையான சாமியின் சன்னிதியில் பெண்ணுக்கு ஒரே வழி எழுதிவைக்கப்பட்டது.

ஆற்றுக்குப் போனவள்

படவேட்டின் அம்மன் ரேணுகா. ரேணுகாவின் கதை ஒரு காட்டு வாசத்தின் கதை. சமதக்கினி முனிவரின் ஆசிரமம் காட்டில் இருக்கிறது. அவருடைய மனைவி நாள்தோறும் ஆற்றுக்குப் போய் நீர் கொண்டுவருகிறாள். தமிழ்நாட்டில் வழங்கும் கதையில், அவளுடைய கற்பின் வலிமையால் சுடாத மண்ணில் குடம் திரளும். ஒருநாள் நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து அவள் மனம் ஒரு கணம் அசைகிறது, குடம் திரளவில்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் அவள் பார்ப்பது தன் மனைவியரோடு நீராடும் ஓர் அரசனை. இரண்டு கதையிலும் தண்டனை ஒன்றே. தாயைக் கொல்லும்படி முனிவர் மகன்களிடம் சொல்கிறார். மற்றவர்கள் மறுக்க, பரசுராமன் வெட்டுகிறான். பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கிறான். தமிழ்நாட்டுக் கதை இன்னும் ஒரு படி போகிறது. அவளோடு சேர்த்து ஓர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணும் வெட்டுப்படுகிறாள். அவசரத்தில் தலைகள் மாறி ஒட்டப்படுகின்றன. படவேட்டில் ரேணுகாம்பாள் தலையாகவே வணங்கப்படுகிறாள்.

இந்தக் கதையைப் பெண்ணியவாதிகள் பல முறை வாசித்திருக்கிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி. அவள் ஆற்றுக்குத் தனியாகப் போனாள். காட்டில் ஒரு பெண்ணுக்குத் தனியாக இருக்கக் கிடைத்த நேரம் தண்ணீருக்குப் போகும் நேரம்தான். அந்த நேரத்தில் அவள் கண்ணும் மனமும் என்ன செய்கின்றன என்பதை ஒரு மண்குடம் வேவு பார்த்தது. வேலைக்காகப் போகலாம், நின்று பார்க்கக் கூடாது. காட்டில் பெண் எதற்காக இருக்கலாம் என்பதற்கு நம் புராணம் வகுத்த விதி இது. பின்னால் வந்த வனச் சட்டத்தின் விதியும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

மலைமேல் வந்த கதை

படவேட்டுக்கு மேலே ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். சாமை விளைவிப்பவர்கள், புளி, தேன், கடுக்காய் சேகரிப்பவர்கள். அவர்கள் மலையேறிய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, கிடைக்காமல், ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிப்போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் திரும்பிவிட்டன. ஆண்கள் வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியபோது, மனைவிகள் கருமாதி முடித்துத் தாலி இழந்திருந்தார்கள். சாதிக்குள் மீண்டும் சேர வழியில்லாத அந்த ஆண்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலைக்கு ஏறினார்கள்.

இந்தக் கதையில் பெண்களை எண்ணிப் பாருங்கள். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு பேர். கணவன் உயிரோடிருக்கக் கைம்மை பூண்ட ஏழு பேர். மணந்துகொண்டு மலையேறிய வேடப் பெண்கள். தர்ஸ்டனின் பதிவில் மீட்கப் போன ஆண்களுக்கு முடிவு இருக்கிறது. யாரை மீட்கப் போனார்களோ அந்த ஏழு பெண்களுக்கு முடிவு இல்லை. கதை அவர்களைக் கங்குந்தியிலேயே விட்டுவிட்டு மலையேறிவிடுகிறது.

மலையில் அமைந்த வாழ்க்கை கீழ்நாட்டு விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. விரிஞ்சிபுரம் கல்வெட்டு தடை செய்த வழக்கம், பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பது, மலையில் நீடித்தது. கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும் அங்கே வழக்கம்தான். இதை வைத்து மலைவாழ் சமூகம் பெண்ணுக்குச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களுடையது. சுமை பெண்களுடையது. ஆனால் காட்டுக்குள் போவது, பரண்மேல் தங்கி விளைச்சலைக் காப்பது, புளியும் கடுக்காயும் எடுக்க நாள் முழுக்க அலைவது ஆகியவை அந்தப் பெண்களுக்குத் துணிச்சல் காட்டும் செயல்கள் அல்ல. அன்றாடம். கீழ்நாட்டுப் பெண் எல்லை என்று நினைத்த இடத்தில் அவர்களுடைய வாசல் இருந்தது.

அத்துமீறல் என்ற சொல்

அந்த வாசலுக்குக் குறுக்கே கல் நட்டது சென்னை வனச் சட்டம். டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வனவியலாளரின் வழிகாட்டலில் உருவான அது 1882இல் வந்தது. காட்டைக் காப்புக்காடு என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு உள்ளே நுழைவதும், மாடு மேய்ப்பதும், தீ மூட்டுவதும், மரம் வெட்டுவதும், விளைபொருள் எடுப்பதும் குற்றம். இந்தியா முழுமைக்குமான 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. பெயர் மட்டும் மாறி, 1882ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் தமிழ்நாட்டுக் காடுகளை ஆள்கிறது.

கூடாரம் போட ஆசைப்படும் பெண்ணும் விறகெடுக்கப் போகும் பெண்ணும் இந்தச் சட்டத்தில் ஒரே சொல்லில் சந்திக்கிறார்கள்: அத்துமீறல். மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினால் அதுவும் குற்றம். அதே காலத்தில் வேறொரு வகை முகாம் தாராளமாக நடந்தது. ஜமாபந்திக்கு வரும் கலெக்டரும், வேட்டைக்கு வரும் துரையும், வரைபடம் எடுக்க வரும் அதிகாரியும் கூடாரத்தோடு வந்தார்கள். வண்டி கட்டிக் கொண்டுவரவும், தண்ணீர் சுமக்கவும், விறகு கொடுக்கவும் ஊர் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். துரை கேம்ப் போயிருக்கிறார் என்ற பேச்சு அரசு அலுவலகத் தமிழில் இன்றும் அப்படியே இருக்கிறது. காட்டில் இரவு தங்குவது அதிகாரத்தின் சலுகையானது. அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அது அபராதமானது.

ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. சந்தன மரம் யார் நிலத்தில் நின்றாலும் அரசின் பார்வையில்தான் நின்றது. காட்டை அரசு தன் கருவூலமாகப் பார்க்கத் தொடங்கியதும், காட்டோரத்தில் வாழ்பவர்கள் எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். இரவில் காட்டுக்குள் இருப்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று.

அந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வாச்சாத்தி சொல்லும். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மலையாளிகள் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். பெண்களை அரூர் வனச்சரக அலுவலகத்தில் இரவு அடைத்துவைத்து மேலும் வதைத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் மாதர் அமைப்புகளும் உடன் நிற்க, அந்தப் பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

காடு பெண்ணுக்கு ஆபத்தான இடம் என்று நமக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். வாச்சாத்தியில் ஆபத்து எங்கிருந்து வந்தது? புலியிடமிருந்து வரவில்லை, வழிப்பறிக்காரனிடமிருந்தும் வரவில்லை. காட்டைக் காக்கச் சம்பளம் வாங்கியவர்களிடமிருந்து, சீருடையில் வந்தது. பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் காட்டில் தங்க அனுமதி மறுக்கிறோம் என்று யார் சொன்னாலும் இந்தத் தீர்ப்பை எதிரே வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்னொரு முகாமும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவர் பலர். ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் படவேட்டுக்குப் பக்கத்துக் கண்ணமங்கலம் வட்டாரத்திலிருந்தும் போனவர்கள் அதில் உண்டு. மலையில் வேலை இல்லாததால் தரகர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போனவர்கள். காட்டில் நாள்கணக்கில் அரிசியும் பருப்புமாகத் தங்கி வெட்டிச் சுமப்பது அவர்களுடைய கூலிவேலை. அவர்கள் திரும்பி வராத வீடுகளில் பெண்கள் சடலங்களை வாங்கினார்கள். ஆறு சடலங்களை எரிக்காமல் வைத்திருந்து நீதி கேட்டார்கள். அவர்களில் ஒரு பெண் நீதிமன்றம் போனதால் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவு கிடைத்தது. முல்லைப்பாட்டின் தலைவி மாளிகையில் காத்திருந்தாள். இவர்கள் சவக்கிடங்கு வாசலில் காத்திருந்தார்கள். பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டு வழக்குப் போட்டார்கள்.

குரங்கணிக்குப் பிறகு

நகரத்துப் பெண்கள் தமிழ்நாட்டு மலைகளில் கூட்டமாக ஏறத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி மலையில், குரங்கணிக்கு மேல், கொழுக்குமலைப் பாதையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழு சிக்கியது. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து போன பெண்கள் அதில் பலர். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற பெயரில் 40 பாதைகளை அரசே திறந்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி, குறித்த நேரத்தில் இறங்கிவிட வேண்டும்.

தீக்காலத்தில் காட்டை மூடுவது நியாயம். வழிகாட்டி வேலை மலைக்கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கிடைப்பது நல்லது. குரங்கணிக்குப் பிறகு தேவைப்பட்டது தீ பற்றிய அறிவு, தகவல், மீட்பு ஏற்பாடு. ஆனால் பெண் இறந்த எந்த விபத்துக்குப் பிறகும் நம் சமூகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவள் ஏன் அங்கே போனாள்? ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்டர்?' நூல் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. பெண்களுக்கு வேண்டியது பாதுகாப்பு என்ற பெயரிலான அடைப்பு இல்லை. தாமே தேர்ந்து ஆபத்தை ஏற்கும் உரிமை என்கிறது. ஆணுக்கு அந்த உரிமையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவனிடம் அது இருக்கிறது.

கேரளத்தின் அகத்தியமலையில் இந்த உரிமை வழக்காக வந்தது. பெண்களை மலையுச்சிக்கு அனுமதிக்காத வனத்துறையின் விதியை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்றது. 2019 சனவரியில் தன்யா சனல் உச்சிக்கு ஏறினார். மலையைத் தெய்வமாகக் கொண்ட காணிப் பழங்குடியினர், பெண்கள் உட்பட, எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தடுக்கவில்லை. நாம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய இடம் அது. அரசு ஒரு பெண்ணைப் பெண் என்பதால் தடுக்க முடியாது என்பது சரி. அந்த மலை யாருடைய வீடு என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை என்பதும் சரி.

நியூயார்க்கின் தாராளத்துக்கும் இப்படி ஓர் அடித்தளம் உண்டு. அந்த மாநிலக் காடுகளில் பெரும்பகுதி, விவசாயம் நொடித்துக் கைவிடப்பட்ட பண்ணைகளை 1929ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசு விலைக்கு வாங்கி மரம் நட்ட நிலம். அதற்கும் முன்னால் அது பூர்வகுடிகளின் நிலம். அவர்கள் அகற்றப்பட்டார்கள். காட்டில் யாரும் வாழவில்லை என்று ஆன பிறகுதான் யார் வேண்டுமானாலும் மூன்று இரவு தங்கலாம் என்ற விதி எளிதாகிறது. நம் மலைகள் காலியாக இல்லை. காலியாக இருக்கவும் வேண்டாம்.

அதே நாட்டில் எம்மா கேட்வுட் என்ற பெண்மணியின் கதையும் இருக்கிறது. ஒகையோ மாநில விவசாயக் குடும்பம், பதினோரு பிள்ளைகள், ஆண்டுக்கணக்கில் கணவனிடம் அடி. 1955இல், 67 வயதில், பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கையால் தைத்த ஒரு பை, சாதாரணக் கேன்வாஸ் காலணி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு குளியலறைத் திரைச்சீலை. 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண் அவர். கூடாரம்கூட இல்லாமல் கிடைத்த இடத்தில் படுத்திருக்கிறார். அடித்தவனோடு ஒரே வீட்டில் கழித்த இரவுகளைவிடக் காட்டு இரவுகள் அவருக்கு ஆபத்தானவையாக இருந்திருக்குமா?

ஆடி வெள்ளி

படவேட்டுக்குத் திரும்புவோம். ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலைச் சுற்றித் தங்கும் கூட்டத்தைப் பார்த்தால், தமிழ்ப் பெண்களுக்குத் திறந்தவெளியில் இரவு தங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பு மாட்டு வண்டி. இப்போது டிராக்டர், வேன், ஷேர் ஆட்டோ. மரத்தடியில் பாயை விரித்து, மூன்று கல் வைத்துப் பொங்கலிடுகிறார்கள். வேப்பிலை ஆடை கட்டிக் கோயிலை வலம் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு முடி இறக்குகிறார்கள். நியூயார்க் விதிப்புத்தகம் வகுத்துச் சொல்லும் எளிய தங்கல் இதுதான். கட்டணமில்லை, கட்டடமில்லை, முன்பதிவில்லை. நாம் இதற்குப் பயணம் என்று பெயர் வைக்கவில்லை, வேண்டுதல் என்கிறோம். வேண்டுதல் என்று சொன்னால் மாமியாரும் கணவனும் தடுப்பதில்லை. பல தலைமுறைப் பெண்கள் வானத்தின் கீழ் படுத்த ஒரே இரவு சாமியின் பேரால் கிடைத்த இரவு.

அந்த இரவிலும் அடுப்பு அவளோடு வந்திருக்கிறது. ஆண்கள் மரத்தடியில் சீட்டுக்கட்டு விரிக்கும்போது பெண்கள் வெங்காயம் உரிக்கிறார்கள். கோழி அறுத்தால் குழம்பு வைப்பவள் அவள்தான். கழிப்பிடம் தேடி இருட்டும்வரை அடக்கிக்கொள்பவளும் அவள்தான். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய பாசறைப் பெண்ணுக்கும் இவளுக்கும் இடையில் நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. வேலை அப்படியே இருக்கிறது. ஆகவே காட்டில் தங்கும் உரிமை என்று நாம் பேசும்போது, வேலையில்லாமல் தங்கும் உரிமையையும் சேர்த்தே பேச வேண்டும். நீர் மொள்ளப் போன ரேணுகா நின்று பார்த்ததுதான் குற்றமானது. நின்று பார்ப்பதற்காகவே போவது நம் கோரிக்கை.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மலையில் இருப்பவர்களின் உரிமை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காலனியச் சட்டம் செய்த வரலாற்று அநீதியைத் திருத்துவதாகத் தன் முகவுரையிலேயே சொல்கிறது. மணமானவர்களுக்குக் கொடுக்கும் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமையை அது ஏற்கிறது. மேய்ச்சல் மக்கள் பருவந்தோறும் வந்து போகும் உரிமையையும் ஏற்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் ஒரு நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா கொடுப்பது முடங்கியது. 2016இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே வழி திறந்தது. சட்டம் வந்து பத்தாண்டுகள் மலைப்பெண்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் குழுவில் உட்காரும் மலையாளிப் பெண்ணும் தோளில் பையோடு வரும் சென்னைப் பெண்ணும் எதிரெதிர் ஆட்கள் இல்லை. எந்த இடத்தில் தங்கலாம், எந்த மாதம் தீப்பிடிக்கும், எந்த ஓடையை அசுத்தம் செய்யக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் கிராமசபைக்கு, அதிலும் அங்குள்ள பெண்களுக்கு இருக்குமானால், வருகிறவள் விருந்தாளியாக வரலாம். வாடிக்கையாளராக வர வேண்டியதில்லை. அத்துமீறியவளாக ஒளிந்து வரவும் வேண்டியதில்லை. தங்குகிற பெண்ணிடம் கட்டணம் வாங்கினாலும் அது எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பெண்களே சொல்லட்டும்.

இதெல்லாம் நடக்க வனத்துறையின் விதி மாற வேண்டும், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனமும் மாற வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்கலாம். பாட்டி, அத்தை, பெரியம்மா வெளியில் எந்தெந்த இரவு படுத்திருந்தார்கள்? வேண்டுதலுக்கா, களத்துமேட்டில் நெல் காக்கவா, மேய்ச்சலுக்கா, வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டா? யார் உடனிருந்தார்கள், என்ன பயம் இருந்தது, என்ன சந்தோஷம் இருந்தது? கல்வெட்டிலும் காவியத்திலும் அரசுக் கோப்பிலும் இந்த இரவுகள் இல்லை. கேட்டு எழுதிவைத்தால் படைவீட்டின் வரலாற்றில் இதுவரை இல்லாத பக்கங்கள் சேரும். நாளை ஒரு பெண் காட்டில் தங்க வேண்டும் என்று கேட்கும்போது, இது எங்கிருந்து வந்த புதுப்பழக்கம் என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்ட நம்மிடம் சான்று இருக்கும்.